மின்னணுச் சாதனங்களின் பிளாஸ்டிக் கூடு: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழிமுறை

மோல்டு (பிளாஸ்டிக் வார்க்கும் உலோக அச்சு) ட்ரையல் முடிந்து டி1 சாம்பிள்கள், அதாவது முதல் ட்ரையலின் மாதிரிகள், மேசைக்கு வந்திருக்கின்றன. திரையில் கச்சிதமாக இருந்த கூடு கையில் அப்படி இல்லை. முகப்பில் குழி தெரிகிறது, மூடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் எதை முதலில் பார்ப்பது என்பதற்கான குறிப்பு இது. கையடக்கச் சாதனம், மேல் கீழ் என இரண்டு பாதிகள், 2 மி.மீ. சுவர், ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட்-ஏபிஎஸ் கலவை என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம்.

எதையும் தொடுவதற்கு முன்

மோல்டிலிருந்து வந்த சூட்டோடு அளக்காதீர்கள். 24 மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு அளக்க வேண்டும். பிளாஸ்டிக் அதுவரை சுருங்கிக்கொண்டிருக்கும். ஒரே கேவிட்டியிலிருந்து (பார்ட்டின் வெளிப்பக்கத்தை வார்க்கும் மோல்டுக் குழி) அடுத்தடுத்து விழுந்த 5 ஷாட்களை, அதாவது ஐந்து முறை வார்த்த பார்ட்களை, கேட்டு வாங்குங்கள். கூடவே ப்ராசஸ் ஷீட்டும் வேண்டும்: பேரல் (பிளாஸ்டிக்கை உருக்கும் குழாய்) வெப்பநிலை, மோல்டு வெப்பநிலை, ஹோல்டிங் பிரஷரும் (மோல்டு நிரம்பியபின் தொடர்ந்து தரும் அழுத்தம்) அதன் நேரமும், கூலிங் நேரம், பிளாஸ்டிக் குருணையை எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் உலர்த்தினார்கள் என்பது. இது இல்லாமல் நடக்கும் விவாதம் எல்லாம் ஊகம்தான்.

5 ஷாட்டிலும் ஒரே இடத்தில் கோளாறு வந்தால் காரணம் மோல்டிலோ வரைபடத்திலோ இருக்கிறது. இடம் மாறி மாறி, வந்தும் வராமலும் இருந்தால் குருணை, ஈரம், மெஷின் செட்டிங் பக்கம் போங்கள்.

திருத்தச் செலவு இந்த வரிசையில் ஏறும். மெஷின் செட்டிங் மாற்றுவது சில மணி நேர வேலை. மோல்டில் உலோகத்தைக் குடைந்து எடுப்பது, அதாவது பார்ட்டில் பிளாஸ்டிக் கூட்டுவது, சில நாள் வேலை. உலோகத்தைச் சேர்ப்பது, அதாவது பார்ட்டில் பிளாஸ்டிக்கைக் குறைப்பது, வெல்டிங் அல்லது புது இன்ஸர்ட் (மோல்டில் தனியாகப் பொருத்தும் துண்டு) கேட்கும். அதனால்தான் ரிப்பை (சுவரைத் தாங்கும் விலா) மெல்லியதாகவும் ஸ்னாப் (மூடியை மாட்டும் கொக்கி) பிடிப்பைச் சற்றுக் குறைவாகவும் வரைந்து, ட்ரையலுக்குப் பிறகு கூட்டிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆனால் மலிவு என்பதற்காக எல்லாவற்றையும் மெஷினிலேயே சரிசெய்யச் சொல்லக் கூடாது. வரைபடத்தில் இருக்கும் தவற்றை அழுத்தத்தால் மறைத்தால், அது பார்ட்டுக்குள் உள்தகைவாக (அடைபட்ட உள்விசை) தங்கி, சில மாதம் கழித்து வாடிக்கையாளர் கையில் விரிசலாக வெளியே வரும். கீழே பல இடங்களில் இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

முகப்பில் குழி

ட்யூப்லைட் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். குழிக்கு நேர் பின்னால் ஒரு ரிப்போ பாஸோ (ஸ்க்ரூ இறங்கும் துளையுள்ள தூண்) கட்டாயம் இருக்கும். அங்கே தடிமன் கூடுகிறது. தடித்த இடம் கடைசியாக உறையும். உறையும்போது மேல்தோலை உள்ளே இழுக்கும்.

எவ்வளவு கூடுகிறது என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். கணினி வரைபடத்தில் அந்தச் சந்திப்பின் குறுக்குவெட்டை எடுத்து, உள்ளே அடங்கும் மிகப் பெரிய வட்டத்தை வரையுங்கள். 2.0 மி.மீ. சுவர், அடியில் 1.5 மி.மீ. ரிப், இருபுறமும் 0.5 மி.மீ. ரேடியஸ் என்றால் வட்டத்தின் விட்டம் சுமார் 2.52 மி.மீ. குளிரும் நேரம் தடிமனின் வர்க்கத்தை ஒட்டிப் போவதால், அந்தப் புள்ளி சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 59 சதவீதம் அதிக நேரம் உருகிய நிலையில் இருக்கும். அதே ரிப்பை 1.0 மி.மீ. ஆக்கி ரேடியஸை 0.25 ஆகக் குறைத்தால் வட்டம் 2.23 மி.மீ.; கூடுதல் நேரம் 24 சதவீதம்தான். ரிப் அடித்தடிமன் சுவரில் 50 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்ற விதி இங்கிருந்துதான் வருகிறது. பளபளப்பான பாலிகார்பனேட் முகப்புக்கு 40 சதவீதம் என்றே வையுங்கள். ரிப்பின் உயரம் சுவர்த் தடிமனைப் போல 3 மடங்குக்கு மேல் போக வேண்டாம். உயரம் போதாவிட்டால் இன்னொரு ரிப் போடுங்கள்.

பாஸில் அதிகம் நடக்கும் தவறு, அதைப் பக்கச் சுவரோடு ஒட்டி வரைவது. ஒட்டிய மூலை முழுக் கட்டியாகிவிடும். பாஸைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்தி, மெல்லிய ரிப்பால் இணையுங்கள். பாஸின் துளையையும் அடிச்சுவர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை இறக்கினால் அடியில் கட்டி சேராது. மோல்டில் அந்தத் துளையை உருவாக்குவது கோர் பின் என்ற ஓர் உலோகக் குச்சிதான். நீளமான பின்னாக மாற்றுவது சின்ன வேலை.

மெஷினில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கேட் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாய்) உறைவதற்கு முன்பே ஹோல்டிங் நின்றுவிடுகிறதா? ஹோல்டிங் நேரத்தை அரை வினாடி அரை வினாடியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் பார்ட்டை எடை போடச் சொல்லுங்கள். எடை ஏறுவது நின்ற இடத்தில் கேட் உறைந்துவிட்டது. அந்த நேரம் வரைக்கும் ஹோல்டிங் கொடுத்தும் குழி போகவில்லையென்றால் வரைபடத்தைத்தான் திருத்த வேண்டும். அதற்கு மேல் பிரஷரை ஏற்றிக் குழியை நிரப்பினால் முகப்பு அழகாகிவிடும், பாஸ் பிற்பாடு விரிசல் விடும்.

ரிப்பை மெலிதாக்க மோல்டில் உலோகம் சேர்க்க வேண்டியிருப்பதால், காலம் இல்லாதபோது மேற்பரப்பை மாற்றுவதும் ஒரு வழி. விடிஐ 27 (சொரசொரப்பை எண்ணால் குறிக்கும் அளவுகோல்) போன்ற மேட் டெக்ஸ்சர், இளநிறம் இரண்டும் குழியைக் கண்ணிலிருந்து மறைக்கும். கறுப்புப் பளபளப்பு எதையும் மன்னிக்காது.

ஸ்க்ரூ பிடிக்கவில்லை, அல்லது பாஸ் வெடிக்கிறது

இரண்டுக்கும் ஒரே இடத்தில் தொடங்குங்கள்: துளை விட்டத்தைப் பின் கேஜால் (அளவு தெரிந்த உருளைக் குச்சி) அளப்பது. பிளாஸ்டிக்குக்கான 30 டிகிரி மரை கொண்ட திரெட்-ஃபார்மிங் (தானே மரை உருவாக்கிக்கொள்ளும்) ஸ்க்ரூவில் ஏபிஎஸ்ஸுக்கு ஸ்க்ரூ விட்டத்தின் 0.8 மடங்கு துளை, 2 மடங்கு பாஸ் வெளிவிட்டம், 2 மடங்கு மரை ஆழம் என்று எடுத்துக்கொள்ளலாம். 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.4 மி.மீ. துளை, 6 மி.மீ. பாஸ், 6 மி.மீ. ஆழம். சுத்தப் பாலிகார்பனேட் எளிதில் விரிசல் விடும் குணம் உள்ளது, அதற்கு 0.85 மடங்கு துளையும் 2.5 மடங்கு பாஸும் வேண்டும்: 2.55 மி.மீ., 7.5 மி.மீ. பொருளை ஏபிஎஸ்ஸிலிருந்து பாலிகார்பனேட்டுக்கு மாற்றிவிட்டு, பாஸை அப்படியே விட்டுவிடுவது அடிக்கடி காணும் பிழை.

துளைக்கு ட்ராஃப்ட் (பார்ட் மோல்டிலிருந்து எளிதில் கழலக் கொடுக்கும் சரிவு) இருப்பதை மறக்காதீர்கள். அரை டிகிரி ட்ராஃப்டில் 8 மி.மீ. ஆழத்துக்கு விட்டம் 0.14 மி.மீ. குறுகும். வரைபடத்தில் எழுதிய 2.4 வாயிலா, நடுவிலா, அடியிலா என்று குறிப்பிடாவிட்டால் டூல் ரூம் (மோல்டு செய்யும் பட்டறை) தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்ளும். நடு ஆழத்தில் என்று எழுதுங்கள். வாயில் ஸ்க்ரூவின் வெளிவிட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக, 1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு படி கொடுத்தால் முதல் மரை விளிம்பைக் கிழிக்காது.

துளை சரியாக இருந்தும் பிடிப்பு நிற்கவில்லையா? டார்க் டிரைவரில் இரண்டு எண்களை எடுங்கள்: மரை வெட்டிக்கொண்டு உள்ளே போகத் தேவைப்படும் முறுக்கு, மரை அறுந்துபோகும் முறுக்கு. இரண்டாவது முதலாவதைப் போல 3 மடங்காவது இருந்தால்தான் அசெம்ப்ளி லைனில் நிம்மதி. 2 மடங்குக்குக் கீழே இருந்தால் செட் செய்ய இடமே இல்லை, ஆழத்தைக் கூட்டுங்கள். மின் ஸ்க்ரூடிரைவரின் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 500 சுற்று போதுமானது. வேகம் அதற்கு மேல் எகிறினால் உராய்வில் பிளாஸ்டிக் இளகி, மரை உருவாகும்போதே பலமிழந்துவிடும்.

வெடிப்பு எப்போதும் பாஸின் ஒரே பக்கத்தில் வருகிறதென்றால் அது வெல்டு லைன். உருகிய பிளாஸ்டிக் கோர் பின்னைச் சுற்றிப் பிரிந்து, கேட்டுக்கு எதிர்ப்புறம் மறுபடி சேரும் கோடு அது. மோல்டு வெப்பநிலையையும் இன்ஜெக்‌ஷன் வேகத்தையும் ஏற்றினால் கோடு பலப்படும். கேட் இடத்தை மாற்ற முடியாதென்றால் அந்தப் பக்கம் ஒரு தாங்கு ரிப் கொடுங்கள்.

அசெம்ப்ளியில் எல்லாம் நன்றாக இருந்து, வாரங்கள் கழித்து வெடித்தால் ரசாயனத்தைச் சந்தேகியுங்கள். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் திரெட்லாக்கர் பசை, ஸ்க்ரூவில் ஒட்டியிருக்கும் எண்ணெய், அசிட்டோன் துடைப்பு ஆகியவை தகைவில் இருக்கும் பாலிகார்பனேட்டில் விரிசல் விழவைக்கும்; ஏபிஎஸ்ஸும் தப்பாது. இங்கே இரண்டு காரணங்கள் கைகோக்கின்றன. குழியை மறைக்க ஏற்றிய ஹோல்டிங் பிரஷர் தகைவைக் கொடுத்தது, பசை விரிசலைத் திறந்தது. பசைக்குப் பதிலாக நைலான் பேட்ச் போட்ட ஸ்க்ரூ வாங்குங்கள்; அடிக்கடி கழற்றும் மூடி என்றால் பித்தளை இன்ஸர்ட் (பாஸுக்குள் பதிக்கும் மரைக் குழல்) போடுங்கள். கவுண்டர்சங்க் தலை கூம்பாக இறங்கிப் பிளக்கும். பிளாஸ்டிக்கில் தட்டை அடித்தலை உள்ள ஸ்க்ரூவே நல்லது.

பித்தளை இன்ஸர்ட்டே கழன்று வந்தால், அது பாஸ் மேற்பரப்புக்குக் கீழே இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தால் ஸ்க்ரூவை முறுக்கும்போது எதிர்ப்பாகமும் ஸ்க்ரூவும் சேர்ந்து அதை மேலே பிடுங்கும். சமமாக உட்கார்ந்து எதிர்ப்பாகத்தைத் தொட வேண்டும்.

இரண்டு பாதிகளும் பொருந்தவில்லை

கிரானைட் மேடையில் வைத்து, நீளப் பக்கத்தின் நடுவிலும் இரு முனைகளிலும் அகலத்தை அளங்கள். நடுவில் மட்டும் குறைவாக இருந்தால் சுவர் உள்ளே வளைந்திருக்கிறது. பெட்டி வடிவத்தில் உள்மூலையில்தான் கோர் (பார்ட்டின் உள்பக்கத்தை வார்க்கும் மோல்டுப் பாகம்) உலோகம் அதிகம் சூடாகும். உள்பக்கம் தாமதமாகச் சுருங்கி, சுவரை உள்ளே இழுக்கும். கோருக்கும் கேவிட்டிக்கும் தனித்தனிக் குளிர்நீர் வெப்பநிலை வைத்து, கோரை 10 முதல் 15 டிகிரி குளிர்வித்துப் பாருங்கள். மூலையில் உள் ரேடியஸ் சுவரில் பாதி, வெளி ரேடியஸ் ஒன்றரை மடங்கு என்றால் தடிமன் மூலையிலும் மாறாது.

முனையிலும் நடுவிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் சுருக்கக் கணக்கு தவறு. ஏபிஎஸ் 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். 150 மி.மீ. நீளத்தில் 0.1 சதவீத வித்தியாசம் 0.15 மி.மீ. அதை விரல் நகம் உணர்ந்துவிடும். மேல் பாதி ஒரு கிரேடிலும் கீழ் பாதி வேறு கிரேடிலும் வார்த்தால் இது நிச்சயம்.

இரண்டு விளிம்புகளையும் சரிசமமாகச் சந்திக்கவைக்கும் வரைபடம் தோற்பதற்கென்றே வரையப்பட்டது. உள்ளே நாக்கும் பள்ளமும் கொடுத்து ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. விடுங்கள், வெளியே 0.3 முதல் 0.5 மி.மீ. அகலத்தில் வேண்டுமென்றே ஒரு கோடு விடுங்கள். அந்த நிழல் கோட்டுக்குள் 0.1 மி.மீ. பிசகு காணாமல் போய்விடும்.

பிசிபி (மின்சுற்றுப் பலகை) உள்ளே இறங்கவில்லை

பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் குற்றம் இல்லை. பேனலிலிருந்து (பல போர்டுகள் சேர்ந்த பெரிய தகடு) உடைத்தெடுத்த இடத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும், அரை மி.மீ. வரைகூட வரும். ரௌட்டிங் செய்த ஓரத்துக்கே கூட்டல் கழித்தல் 0.2 மி.மீ. சாதாரணம். பேனலில் டேப் (போர்டைப் பேனலோடு பிடித்திருக்கும் சிறு இணைப்பு) எங்கே வருகிறது என்று பிசிபி வரைபவரிடம் கேட்டு, கூட்டில் அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விடுங்கள். போர்டை நான்கு ஓரத்திலும் இறுக்கிப் பிடிக்காமல், ஒரு துளை வட்டப் பின்னிலும் இன்னொரு துளை நீள்துளையாகவும் உட்காரட்டும்.

யுஎஸ்பி-சி கேபிள் லேசாகத் தொட்டாலே கழன்றுவிடுகிறது

பிளக்கின் உலோக மூக்கு முழுதாக உள்ளே போகவில்லை. சாக்கெட் வாய் ஏறத்தாழ 9 க்கு 3.2 மி.மீ. என்பதால் கூட்டிலும் அதே அளவுக்குத் துளை போட்டுவிடுகிறார்கள். பிளக்கைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பிடியோ, யுஎஸ்பி விதிப்படி 12.35 மி.மீ. அகலமும் 6.5 மி.மீ. உயரமும் வரை இருக்கலாம். அது வெளிச்சுவரில் முட்டி நிற்கும், 2 மி.மீ. சுவர் என்றால் பிளக் 2 மி.மீ. குறைவாகவே நுழையும். உங்களிடம் இருக்கும் மெல்லிய பிடி கொண்ட கேபிளில் வேலை செய்வதால் சோதனையில் தெரியாது. தடித்த பிடி உள்ள கேபிள்களைத் தேடிப்பிடித்துச் செருகிப் பாருங்கள்.

தீர்வு இரண்டு. வெளியே 13 க்கு 7.2 மி.மீ. அளவில் குழிவு விட்டு, சாக்கெட் வாய் அந்தக் குழிவின் தளத்துக்குச் சமமாக வரட்டும். அல்லது போர்டை நகர்த்தி, சாக்கெட் வாயைக் கூட்டின் வெளிப்பரப்புக்கே கொண்டுவாருங்கள். குழிவு விடுவது உலோகம் சேர்க்கும் வேலை. ஆகவே எல்லாப் போர்ட் துளைகளையும் முதலிலேயே தனி இன்ஸர்ட்டாக வைக்கச் சொல்லிவிடுங்கள். இணைப்பான் மாறினாலும் மோல்டு பிழைக்கும்.

பட்டன் க்ளிக் ஆகவில்லை, அல்லது எப்போதும் அழுந்தியே இருக்கிறது

டாக்ட் சுவிட்சின் (பட்டனுக்கு அடியில் போர்டில் இருக்கும் க்ளிக் சுவிட்ச்) பயணம் வெறும் 0.25 மி.மீ. 1.6 மி.மீ. போர்டின் தடிமனோ கூட்டல் கழித்தல் 10 சதவீதம், அதாவது 0.16 மி.மீ. மாறலாம். சுவிட்ச் உயரமும் பிளாஸ்டிக்கும் தத்தம் பங்குக்கு 0.1 மாறும். பட்டனின் அடித்தண்டு சுவிட்சைத் தொட்டு நிற்பதாக வரைந்தால் பாதிச் சாதனங்களில் அழுந்தித்தான் இருக்கும். 0.2 மி.மீ. குறைவாக வரைந்து, டி1 பார்த்தபின் தண்டை நீட்டுங்கள். இது உலோகம் எடுக்கும் வேலை. பட்டனைச் சுற்றி 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி தேவை. பெயின்ட் அடிக்கும் பட்டனுக்குப் பூச்சுத் தடிமனையும் சேருங்கள்.

ஸ்னாப் ஹுக் உடைகிறது

கணக்கு ஒரு வரிதான். அடியில் வரும் திரிபு (நீட்சி விகிதம்) = 1.5 × தடிமன் × விலகல் ÷ நீளத்தின் வர்க்கம். தடிமன் 1.5, விலகல் 0.8, நீளம் 8 மி.மீ. என்றால் 2.8 சதவீதம். ஏபிஎஸ் 2 சதவீதத்தைத் தாண்டினால் வெளுத்துப்போய் உடையும். நீளம் 11 மி.மீ. ஆனால் 1.5 சதவீதமாக இறங்கும். நீளத்துக்கு இடமில்லையா? தடிமனை அடியில் 1.5 இலிருந்து நுனியில் 0.75 ஆகச் சரியவிடுங்கள். அதே 8 மி.மீ. ஹுக் சுமார் 1.7 சதவீதத்தில் நின்றுவிடும். அடியில் கூர்மூலை இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண், அங்கே 0.5 மி.மீ. ரேடியஸாவது கட்டாயம். அதைச் சேர்ப்பது உலோகம் எடுக்கும் வேலை என்பதால் முதலில் அதைச் செய்து பாருங்கள்.

வெள்ளிக் கோடுகள்

கேட்டிலிருந்து விசிறிபோல் பரவினால் ஈரம். பாலிகார்பனேட்டை 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஏபிஎஸ்ஸுக்கு 80 முதல் 85 டிகிரியில் 2 முதல் 4 மணி நேரம். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் ஹாப்பர் (மெஷினில் குருணை கொட்டும் தொட்டி) திறந்து கிடந்தால் உலர்ந்த குருணை மறுபடி ஈரம் இழுக்கும்.

பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பாலிகார்பனேட் விஷயத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈரத்தோடு உருகும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபடுகின்றன. பெயின்டுக்கு அடியில் இருப்பது, கீழே விழுந்தால் நொறுங்கும் பார்ட். அந்த லாட் முழுவதையும் தள்ளுபடி செய்ய வேண்டும்.

பக்கச் சுவரில் உரசல் கோடுகள்

டெக்ஸ்சர் ஆழத்துக்கு ட்ராஃப்ட் போதவில்லை. டெக்ஸ்சர் வகைகளில் மோல்டு-டெக் எம்டி-11010 இன் ஆழம் 0.025 மி.மீ.; குறைந்தது 1.5 டிகிரி கேட்கும். எம்டி-11020 இன் ஆழம் 0.038 மி.மீ.; 2.5 டிகிரி. 25 மி.மீ. உயரச் சுவரில் ஒரு டிகிரி கூட்டினால் ஒரு பக்கத்துக்கு 0.44 மி.மீ. அளவு மாறும், மூடியின் பொருத்தமும் கூடவே மாறும். முகப்பில் ஆழமான டெக்ஸ்சர், பக்கத்தில் ஆழம் குறைந்தது என்று பிரிப்பது பல சமயம் போதும்.

எல்இடி எரியும்போது கூடே ஒளிர்கிறது

வெள்ளை ஏபிஎஸ் 2 மி.மீ. இருந்தாலும் ஒளி கசியும். எல்இடியைச் சுற்றிப் போர்டைத் தொடும் அளவுக்கு ஒரு சிறு சுவர், அல்லது கறுப்பு நுரை வளையம். பக்கத்து எல்இடிக்கு ஒளி தாவுவதையும் இதுவே நிறுத்தும்.

போர்டு சோதனையில் தேறியது, கூட்டை ஒட்டியபின் இறந்துவிட்டது

அல்ட்ராசோனிக் வெல்டிங் (மீயொலி அதிர்வால் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது) செய்தீர்களா? 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரக் கிரிஸ்டலுக்குள் இருப்பது மெல்லிய இசைக்கவை வடிவக் குவார்ட்ஸ். வெல்டிங் அதிர்வு அதை உடைத்துவிடும். சாதனம் இயங்கும், நேரம் மட்டும் ஓடாது. அல்லது ஸ்லீப்பிலிருந்து எழாது. மெம்ஸ் (நுண்ணிய அசையும் பாகங்கள் உள்ள சில்லு) மைக்கும் கைரோவும் (சுழற்சி உணரி) இதே ஆபத்தில்தான் இருக்கின்றன. வெல்டிங்கிற்கு முன்னும் பின்னும் கிரிஸ்டலைச் சோதித்து உறுதிசெய்யுங்கள். போர்டை ரப்பர் வளையத்தில் உட்காரவைத்து, வெல்டு நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். தீராவிட்டால் ஸ்னாப் அல்லது ஸ்க்ரூவுக்கு மாறுங்கள்.

பெயின்ட் அடித்தபின் வைஃபை தூரம் குறைந்தது

உலோகத் துகள் கலந்த வெள்ளி, சாம்பல் பெயின்டுகள் ஆன்டெனாவை மறைக்கும். கார்பன் அதிகம் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக்கும் அப்படியே. உலோகப் பளபளப்பு கட்டாயம் என்றால் மின்கடத்தாத வெற்றிடப் பூச்சு கேளுங்கள். ஆன்டெனா ட்யூனிங்கை இறுதிக் கூட்டுக்குள் வைத்தே முடிக்க வேண்டும். அருகில் பிளாஸ்டிக் வந்தாலே அதன் அதிர்வெண் கீழே நகரும்.

வி-0 குருணை வாங்கியும் தீச்சோதனையில் தோல்வி

வி-0 என்பது யுஎல் 94 என்ற தீத்தடுப்புத் தரத்தில் ஒரு நிலை; அந்தத் தரம் தடிமனோடு சேர்த்துத்தான் தரப்படுகிறது. யுஎல் தரும் மஞ்சள் அட்டையில் ஒரு கிரேடு 1.5 மி.மீ. இல் வி-0 என்றும் 0.75 மி.மீ. இல் வி-2 என்றும் இருக்கலாம். வி-0 என்றால் ஒவ்வொரு முறை சுடர் காட்டியபின்னும் 10 வினாடிக்குள் அணைய வேண்டும், எரியும் துளி பஞ்சைப் பற்றவைக்கக் கூடாது. வி-2 இல் 30 வினாடி வரை எரியலாம், எரியும் துளி பஞ்சைப் பற்றவைக்கவும் செய்யலாம். லோகோவுக்காகக் குடைந்த பள்ளம், எல்இடி தெரிய மெலிதாக்கிய சன்னல், பேட்டரி மூடியின் மெல்லிய தகடு என்று கூட்டின் மிக மெல்லிய இடங்களைக் கணினி வரைபடத்தில் தேடி, அட்டையில் அந்தத் தடிமனுக்கு என்ன தரம் என்று பாருங்கள். நிறத்தையும் பாருங்கள், சில கிரேடுகளுக்குக் குறிப்பிட்ட நிறங்களில் மட்டுமே அந்தத் தரம் உண்டு.

தடிமன் சரியாக இருந்தும் தோற்றால் ரீகிரைண்டு (ஏற்கெனவே வார்த்ததை அரைத்த பிளாஸ்டிக்) எவ்வளவு கலந்தார்கள் என்று கேளுங்கள். யுஎல் 746டி பொதுவாக எடையில் 25 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. ரன்னரையும் (பிளாஸ்டிக் ஓடிவந்த வழியில் உறைந்த தண்டு) கழிவையும் அரைத்துக் கலக்கும்போது எடை போடாமல் அள்ளிப் போடுவது வழக்கமாக இருந்தால், அந்த எல்லையை அனுமதிக்கப்பட்ட அளவாக வரைபடத்திலேயே எழுதி, ஒவ்வொரு லாட்டுக்கும் கலவைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.